கையை எடு

படிக்கட்டின் அடியில் ஓர் அட்டை தொங்கியது. ஆண்கள் மேலே வரக்கூடாது என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கெர்பாவ் சாலையில், பயணப்பெட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சாதியாவின் மணப்பெண் அலங்காரக் கடை. பொருள் கொண்டுவருகிறவர்கள் கீழே நின்று குரல் கொடுப்பார்கள். சுஷ்மிதா இறங்கிப் போய் வாங்கி வருவாள். மின்விசிறி பழுதானபோதுகூட, ஆள் வேலை முடித்துப் போகும்வரை கடையைப் பூட்டி வைத்தாள் சாதியா.

அதனால்தான் முக்காடு போடும் குடும்பங்கள் அவளிடம் வந்தன.

செவ்வாய்க்கிழமை காலை ஜுவைரியா வந்தாள். அன்றைக்கு அவளுக்கு முன்பதிவு இல்லை. செங்காங்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மாதக் கடைசியில் நிக்காஹ். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கிளம்பி வந்தவள் மாதிரி இருந்தாள்.

"கதவச் சாத்துங்கக்கா."

சாதியா சாத்தினாள். ஜுவைரியா கைபேசியை நீட்டினாள். தான் பார்க்காமல் நீட்டினாள்.

செய்திச் செயலியில் "முக்காடு" என்று பெயர் வைத்த ஒரு சேனல். அதில் ஜுவைரியாவின் படம் இருந்தது. போன வாரம் இதே கடையில், ஒத்திகை அலங்காரத்தன்று சாதியா எடுத்தது. விரித்த கூந்தல். கண்ணாடி ஓரம் தெரிந்தது. அதற்குக் கீழே அதே படம் மறுபடியும் இருந்தது. இந்த முறை துணி இல்லை. முகம் அவளுடையது. கழுத்துக்குக் கீழே இருந்தது அவளல்ல.

"அந்த ஃபோட்டோ என்கிட்ட இல்லக்கா. நான் கேக்கவே இல்ல. நீங்க எடுத்தது."

"யாரு காட்டுனா?"

"யாரோ. தெரியாத நம்பர். 'டீச்சர், இது நீங்கதானே'ன்னு அனுப்பியிருக்கான்."

சாதியா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல?"

"அவங்க பாக்கிறவரைக்கும் நிக்காஹ் இருக்கு."

சுஷ்மிதா தண்ணீர் கொண்டுவந்தாள். ஜுவைரியா அவளைப் பார்த்தாள். தண்ணீரைத் தொடவில்லை.

"இங்க எடுக்கிற படமெல்லாம் அமானிதம்னு சொன்னீங்களேக்கா. நம்பி ஒப்படைச்சது, வெளிய போகாதுன்னு."

"சொன்னேன்."

"அப்ப யாரு?"

கண்டுபிடிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள் சாதியா. ஜுவைரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். சாலையைக் கடக்கும்போது தலையைக் குனிந்தபடியே கடந்தாள்.

கடையின் படங்கள் இரண்டு பேருக்குப் போகும். ஒன்று சுஷ்மிதாவுக்கு. கூந்தல், ஒப்பனை எல்லாம் அவள் பொறுப்பு. இன்னொன்று ஈசூனில் இருக்கும் உம்மாவுக்கு. உம்மா மஹ்மூதா வாடகை நகை வைத்திருந்தார். பெண்ணின் கழுத்தையும் காதையும் படத்தில் பார்த்துத்தான் செட் எடுத்து வைப்பார். வேறு யாருக்கும் படம் போவதில்லை.

மதியம் அவள் தஞ்சோங் பகாருக்குப் போனாள். தம்பி ஸைஃப் அங்கே ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். கழுத்தில் அடையாள அட்டையுடன் கீழே இறங்கி வந்தான். காப்பிக்கடையில் உட்கார்ந்தார்கள். அவளுக்குத் தே ஓ, பால் இல்லாத தேநீர், வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை குறைவாக. அவனுக்கு எப்போதும் நினைவிருக்கும்.

அவள் கைபேசியை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாம் லாத்தா. அந்நியப் பொண்ணு. நான் பாக்கக்கூடாது. சேனல் பேர மட்டும் சொல்லுங்க."

அவளுக்கு நெஞ்சு லேசானது. இப்படி ஒருவன் குடும்பத்தில் இருக்கிறான்.

"போலீஸ்ல சொல்லலாமா?"

"சொன்னா அந்தப் பொண்ணு பேருதான் முதல்ல வெளிய வரும். நான் புகார் போட்டு சேனலத் தூக்க வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க." கரண்டியால் கலக்கினான். "உங்க கடையில நம்ம ஆளு இல்லாதவ ஒருத்திதானே?"

"சுஷ்மிதாவா? அவ அப்படிப்பட்டவ இல்ல."

"அவதான்னு நான் சொல்லல. யோசிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்."

சேனல் காணாமல் போனது. சாதியா ஜுவைரியாவுக்குச் செய்தி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஜுவைரியாவிடமிருந்து பதில் வந்தது. வேறு பெயரில் ஒரு சேனல். உறுப்பினர்கள் முன்பைவிட அதிகம். முதல் படம் அவளுடையது. இப்போது அதன் கீழே பள்ளிக்கூடத்தின் பெயரும் இருந்தது.

சாதியா இரண்டு நாள் யோசித்தாள். சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று குர்ஆனில் வருகிறது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த வசனம். ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகையில் அதையே ஓதினாள். ஸலாம் கொடுத்து எழுந்த பிறகு, துருவ ஆரம்பித்தாள்.

அன்று சுஷ்மிதாவுக்கு விடுமுறை. சாதியா இரண்டு கைகளிலும் முழங்கைவரை மருதாணி இட்டுக்கொண்டாள். இடக்கையால் வலக்கைக்கு இட்டது கொஞ்சம் கோணலாக வந்தது. கடையின் நீளக் கூந்தலைத் தலையில் பொருத்தினாள். வாடிக்கையாளர் ஒருவரின் பட்டு ரவிக்கையைப் போட்டாள். மணப்பெண்கள் எல்லோரும் நிற்பதுபோல நின்றாள். இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடி. மருதாணி மட்டும் தெரியும். முகம் தெரியாது.

நீலத் திரைக்கு முன்னால் ஒரு படம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு படம்.

வெள்ளைச் சுவரை சுஷ்மிதாவுக்கு அனுப்பினாள். நீலத் திரையை உம்மாவுக்கு. ஒருத்தியை மட்டும் சோதித்தால் அது பழி. அதற்காகத்தான் உம்மாவுக்கும். ஜோகூர் பெண், அடுத்த மாதம் கல்யாணம் என்று இருவருக்கும் எழுதினாள்.

உம்மாவின் குரல்பதிவு உடனே வந்தது. "மாஷா அல்லாஹ். நல்ல நீளக் கழுத்து. பச்சைக்கல் செட்டு எடுத்து வைக்கிறேன். வலது கை மருதாணி கோணலா இருக்கே, யாரு போட்டா? அந்தப் புள்ளையா?"

பெற்ற மகளின் கழுத்து உம்மாவுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சுஷ்மிதா படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என் கூந்தல யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"எந்தக் கூந்தல?"

"சும்மா இருங்கக்கா. ஜோகூர் பொண்ணாம்லா! அந்தக் கட்டைவிரல எங்க பாத்தாலும் சொல்லுவேன். இஞ்சித் துண்டு மாதிரி இருக்கும். எதுக்கு இந்த வேஷம்? மறுபடியும் கல்யாணமா?"

சாதியா சிரிக்கவில்லை. சுஷ்மிதா அவளுடைய கைகளைப் பார்த்தாள். மருதாணி கறுத்துச் சிவந்திருந்தது. பையைக் கீழே வைத்தாள்.

"என்னைத்தானா?"

"சுஷ்மி..."

"டெஸ்ட்டா?"

"உம்மாவுக்கும் அனுப்பினேன். வேற படம்."

"உங்க அம்மாவ சந்தேகப்பட்டா அனுப்புனீங்க?"

கீழே ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் வந்துவிட்டார்கள். சுஷ்மிதா தூரிகைகளை எடுத்து வைத்தாள். அந்தப் பெண்ணிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சாதியாவின் பக்கம் திரும்பவில்லை. அன்று சாதியா படம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். கேமரா சரியில்லை என்றாள்.

பகல் மூன்று மணிபோல சேனலில் படம் வந்தது.

இருவரும் ஒரே கைபேசியில் பார்த்தார்கள். நீலத் திரை. மருதாணிக் கைகள். வலது கை கோணல். கீழே அதே படம், துணி இல்லாமல். சாதியா மேசையைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த மருதாணி மட்டும்தான் அவளுடையது. ஆனாலும் யாரோ தன்மேல் கைவைத்த மாதிரி இருந்தது.

படத்தின் கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கையை எடு.

கையை எடுக்கச் சொல்லு.

யாராவது இவ கையை எடுங்கடா.

"எனக்கு வந்தது வெள்ளைச் சுவரு," என்றாள் சுஷ்மிதா.

"தெரியும்."

"அப்ப கிளம்புங்க. கடைய நான் பாத்துக்கிறேன்." சாதியா படிக்கட்டுக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆனா இத நான் மறக்க மாட்டேன்கா."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அங் மோ கியோ தாண்டியதும் கைபேசி அதிர்ந்தது. புதிய படம். யாரோ செய்துவிட்டிருந்தார்கள். கைகள் இல்லை. கைகள் இருந்த இடத்தில் ஒரு முகம். அவளுடையதல்ல. எவளுடையதும் அல்ல. அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

சாதியா கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். பெட்டியில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே நின்ற ஆள் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளுடைய கைகளைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். அவள் கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஈசூன் வீட்டில் உம்மா கூடத்தில் நகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சைக்கல் செட்டு துணியில் விரித்திருந்தது.

"என்ன இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"உங்க ஃபோனக் குடுங்கம்மா."

கொடுத்தார். சாதியா திறந்து பார்த்தாள். செய்திச் செயலியின் அமைப்புகளுக்குள் போனாள். உம்மாவின் கணக்கு ஒரு கணினியிலும் திறந்திருந்தது. கடைசியாகப் பயன்பட்டது இன்று.

"இத யாரும்மா சேத்தது?"

"எத?"

"உங்களுக்கு வர்றதெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்கும் போகுது."

"அதா. ஸைஃப்தான். எனக்கு ஃபோன்ல சின்னதா தெரியுதுன்னு அவன் ரூம்ல பெரிசாப் போட்டுக் காட்டுறான். கல்லு கலரெல்லாம் அதுலதான் சரியாத் தெரியும்."

"ஆம்பள யாரும் பாக்கக்கூடாதுன்னு சொன்னேனேம்மா."

உம்மா உண்மையாகவே புரியாமல் பார்த்தார்.

"ஸைஃப் எப்படி ஆம்பளை? அவன் நம்ம புள்ள."

சாதியா உட்கார்ந்தாள். மின்விசிறி ஆள் போகும்வரை பெண்கள் யாரையும் மேலே விடாதவள் அவள். படிக்கட்டு ஏறாமலே ஒருவன் மேலே வந்துகொண்டிருந்தான். உம்மாவுக்கு அவன் மஹ்ரம், மறைக்க வேண்டாத உறவு. பார்க்கலாம், பேசலாம், கூட இருக்கலாம். அந்தப் பெண்களுக்கு அவன் யாரோ. இதை உம்மாவும் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

அவள் சொன்னாள். குறைவான வார்த்தைகளில் சொன்னாள். படத்தைக் காட்டவில்லை. உம்மா நகைத் துணியை நாலாக மடித்தார். பிறகு பிரித்தார். பிறகு எழுந்து வீட்டுத் தொலைபேசியில் தன் அண்ணனை அழைத்தார்.

ஒலி முகம்மது அடுத்த புளோக்கில் இருந்தார். ஜமாஅத் பெரியவர்களில் ஒருவர். சாதியாவுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கேட்டு முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"சுஷ்மிதாவுக்கு."

"அதோட நிக்கட்டும். ஒரு முஸ்லிமோட குறையை மறைச்சா அல்லாஹ் நம்ம குறையை மறைப்பான். தெரியும்ல?"

"யாரோட குறைய மாமா? ஜுவைரியாவோடதையா? அவ என்ன குறை செஞ்சா?"

"அந்தப் பொண்ணச் சொல்லலம்மா."

"ஒருத்தன் தனியா ஒரு பாவம் செஞ்சா மறைக்கலாம். இது தனியா செஞ்சதில்ல. அவ முக்காட்ட இழுத்து ஊருக்கே குடுத்திருக்கான். நாம மூடுனா அவனத்தான் மூடுறோம். அவ அப்படியே நிக்கிறா."

"சின்னப் பையன். நான் உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போறேன். தவ்பா செய்வான், பாவமன்னிப்புக் கேப்பான்."

"அடுத்தவங்களுக்குச் செஞ்ச அநியாயத்துக்கு அவங்கதான் மன்னிக்கணும்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. யார் யார்கிட்டப் போய்க் கேப்பான்? அந்தச் சேனல்ல நம்ம கடைப் பொண்ணுங்க இருக்காங்க. நான் அலங்காரம் பண்ணி அனுப்புனவங்க. பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது."

ஒலி முகம்மது தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வீட்டு வாசல்ல போலீஸ் வந்து நிக்கும், சாதியா. உங்க உம்மாவோட ஃபோன் இது. உங்க உம்மாவையும் கேப்பாங்க."

"கேக்கட்டும்," என்றார் உம்மா. இருவரும் திரும்பினார்கள். உம்மா அழவில்லை. "கேக்கட்டும். ஆனா அவன ஒரு தடவ நேர்ல கேளு. அவன் இல்லன்னா?"

அந்த ஒரு சொல்லில் அவருடைய நம்பிக்கை முழுவதும் இருந்தது. சாதியாவுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவள் காத்திருந்தாள்.

மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. ஸைஃப் ஸலாம் சொன்னான். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாமா! என்ன விசேஷம்? லாத்தாவும் இருக்காங்க. எனக்குப் பொண்ணு பாத்துட்டீங்களா?"

சாதியா நீலத் திரைப் படத்தைத் திறந்து, துணியோடு இருந்ததை, அவன் முன்னால் நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பினான்.

"லாத்தா, நான் பாக்கக்கூடாதுன்னு..."

"பாரு."

பார்த்தான்.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியலையே. உங்க கஸ்டமரா?"

சாதியா கைபேசியை மேசையில் வைத்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். இரண்டு கைகளையும் முக்காட்டுக்குள்ளிருந்து எடுத்தாள். உள்ளங்கைகளால் முகத்தை மூடினாள்.

விரல்களுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. மருதாணி வாசனை. அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. முதலில் சாதாரணமாக. பிறகு அப்படியில்லை.

அவள் கைகளை எடுத்தபோது அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"இப்ப சொல்லு, எனக்குத் தெரியாதுன்னு," என்றாள்.

"லாத்தா, நான்... சும்மா படத்த மட்டும்தான் போட்டேன். மத்தத செய்யறவன் வேற. யாருன்னே எனக்குத் தெரியாது."

"எதுக்குப் போட்ட?"

"படம் குடுத்தாத்தான் சேனலுக்குள்ள இருக்க விடுவாங்க. ஒவ்வொரு வாரமும் குடுக்கணும். இல்லன்னா நம்ம பேர வெளிய விட்டுருவாங்க." குரல் இறங்கியது. "உங்களுக்குப் புரியல. நான் நிறுத்துனாலும் நிக்காது. நான் சொன்னாலும் அவங்க எடுக்க மாட்டாங்க. இப்ப உங்க படத்தையும்..."

உம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒலி முகம்மது தொப்பியைத் தலையில் வைத்தார். சாதியாவைத் தடுப்பதற்காக எழுந்தாரா, வழிவிடுவதற்காக எழுந்தாரா என்று அவருக்கே தெரியாததுபோல நின்றார். பிறகு ஸைஃபின் பக்கம் நகர்ந்து, அவனுக்கும் வாசலுக்கும் இடையில் நின்றார். அவனுடைய தோளில் கை வைத்தார்.

"போம்மா," என்றார்.

அவள் உம்மாவின் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மின்தூக்கி வரும்வரை காத்திருந்தாள். யாரும் பின்னால் வரவில்லை.

காவல் நிலையம் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. நடந்தே போனாள். உள்ளே போகாமல் வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஜுவைரியாவை அழைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு?"

"என் தம்பி."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் செய்தி மட்டும் மெல்லக் கேட்டது.

"உங்க சொந்தத் தம்பியா?"

"ஆமா. நான் ஈசூன் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல இருக்கேன். உன் பேரச் சொல்லாம எழுதிக் குடுக்கணும்னா அப்படியே செய்றேன். எனக்கு நடந்தத மட்டும் சொல்றேன்."

"உங்களுக்கு என்ன நடந்துச்சு?"

சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுல இன்னிக்குப் பாத்துட்டாங்கக்கா," என்றாள் ஜுவைரியா. "அவங்க அத்தை எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணாங்க. யோசிச்சுச் சொல்றாங்களாம்." பிறகு, "டாக்சி புடிச்சு வரேன். உள்ள போயிராதீங்க."

வெளிச்சம் மங்கியது. சாதியா உம்மாவின் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். கடையிலிருந்து போன படங்கள் வரிசையாக இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மறைந்தது. பிறகு அதற்கு மேலிருந்தது. வீட்டில் யாரோ அந்தக் கணினியில் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கை இப்போது அவன் தோளில் இல்லை.

அவள் தன் கைபேசியை எடுத்து, மறைவதைப் படம்பிடித்தாள். ஹாஜிரா போனாள். சமீனா போனாள். சாங்கியிலிருந்து வந்த அந்த இரட்டைப் பெண்கள் போனார்கள். ஒவ்வொரு பெயரையும் ஒலிப்பதிவில் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். வழியில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு உம்மாவின் கைபேசியை அணைத்தாள்.

டாக்சி வந்து நின்றது. ஜுவைரியா இறங்கினாள். முகக்கவசம் அணிந்திருந்தாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்தது.

முகப்பில் இருந்தவர் இளைஞர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்ன விஷயம் என்று கேட்டார்.

"பெண் அதிகாரி வேணும்," என்றாள் சாதியா.

"வெளிய போயிருக்காங்க. நேரமாகும். என்கிட்ட முதல்ல காட்டலாமே? படம் ஏதாவது இருக்கா?"

அவர் கையை நீட்டினார். மரியாதையாகத்தான் நீட்டினார்.

ஜுவைரியா ஓர் அடி பின்வாங்கினாள்.

"நாங்க காத்திருக்கோம்," என்றாள் சாதியா.